நமது மலைக்காட்டின் சின்னத் தவளைகள்

(தோட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசிய பேச்சு, வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



வழமையாக இந்தக் கூட்டத்தில் நான் பேசுவது கிளினிக் திகதி, தண்ணீரைக் கொதிக்க வைப்பது, சேமலாப நிதி, பிள்ளைக் காம்பரா இந்த விசயங்கள்தான். இன்றைக்குத் தவளையைப் பற்றிப் பேசப் போகிறேன். "ஐயாவுக்கு வேறு வேலை இல்லையா" என்று அந்தப் பக்கம் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. பேச்சு முடியும்போது இது தவளைக் கதை மட்டும் இல்லை, நம்ம பீலித் தண்ணீரின் கதையும்தான் என்று விளங்கும்.

விசயம் இதுதான். நம்ம தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, தேயிலை மலை முடிகிற இடத்தில், ஒரு துண்டுக் காடு நிற்கிறது. அதை வெட்டித் துப்புரவாக்கி, கோவா, லீக்ஸ், கிழங்கு போடுவதற்குப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி சிலர் கேட்டிருக்கிறார்கள். வேறு சிலர் விறகுக்காகக் கேட்கிறார்கள். கேட்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு துண்டுக் காணி இல்லாமல் நாலு தலைமுறை லயத்தில் இருந்துவிட்டோம். காணி கேட்பது நியாயம். ஆனால் எந்தக் காணி என்பதை யோசித்துக் கேட்க வேண்டும். அந்தக் காட்டுக்குள்ளே ஏற்கனவே குடியிருப்பது யார், அவர்களால் நமக்கு என்ன லாபம் என்று தெரிந்து கொண்டு முடிவு செய்வோம்.

காசில் உட்காரும் தவளை

மழை பெய்து ஓய்ந்த இரவில், மூடுபனி இறங்கும் நேரத்தில், காட்டோரத்துப் பற்றைக்குள்ளிருந்து "டிக், டிக், டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கடிகாரம் ஓடுவது மாதிரி இருக்கும். பலபேர் அதைப் பூச்சி என்று நினைக்கிறோம். அதில் பாதிச் சத்தம் பூச்சி இல்லை, தவளை. பெண் தவளையைக் கூப்பிட்டு ஆண் தவளை போடும் சத்தம் அது. டோர்ச் எடுத்துக்கொண்டு போய்த் தேடினாலும் லேசில் கண்ணில் படாது. ஏனென்றால் அவ்வளவு சின்னது. பெரும்பாலானவை 1 அங்குலம், ஒன்றரை அங்குலம். சில இனங்களில் ஆண் தவளை 1 அங்குலம்கூட இல்லை. பத்து ரூபாய்க் காசின் மேல் வைத்தால் கையும் காலும் மடக்கி உட்கார்ந்து கொள்ளும்.

மரத்தவளைக் குடும்பத்தைச் சேர்ந்த இவற்றுக்குப் பற்றைத் தவளைகள் என்று பேர் சொல்லலாம். சிங்களத்தில் "பந்துரு மெடியா" என்பார்கள். விரல் நுனியில் வட்டமாக ஒரு சின்னத் தட்டு இருக்கும். அதை வைத்துத்தான் இலையில், கொப்பில் ஒட்டிக்கொண்டு ஏறும். நிறமும் பலவிதம். சில இனம் இலைப்பச்சை. சில இனம் சருகு நிறம். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்தில் "ஷ்மார்டா" என்ற பேரில் ஓர் இனம் உண்டு. அதன் உடம்பெல்லாம் சின்னச் சின்ன முள்ளு மாதிரி இருக்கும். மரத்துப் பாசியில் உட்கார்ந்தால் பாசி எது, தவளை எது என்று தெரியாது.

இலங்கையில் மட்டும் இந்தப் பற்றைத் தவளைகளில் 70 இனங்களுக்கு மேல் கண்டுபிடித்துப் பேர் வைத்திருக்கிறார்கள். இவை உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இல்லாதவை. 1990களில் தொடங்கி சுமார் பத்து வருடம் ரொஹான் பெத்தியாகொட, கெலும் மனமேந்திர ஆரச்சி, மாதவ மீகஸ்கும்புர போன்ற நம் நாட்டு ஆய்வாளர்கள் இரவிரவாகக் காடு காடாக ஏறி இறங்கித் தேடினார்கள். அதற்கு முன்னே பெரிய விஞ்ஞானிகளுக்கே இவ்வளவு இனம் இருப்பது தெரியாது. 2005ஆம் ஆண்டு ஒரே தடவையில் 27 புதிய இனங்களுக்குப் பேர் வைத்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

தண்ணீரில் முட்டையிடாத தவளை

தவளை என்றால் பிள்ளைகள் என்ன படித்திருக்கிறீர்கள்? குளத்தில் முட்டை போடும், முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும், பிறகு கால் முளைக்கும், வால் மறையும், தவளையாகும். புத்தகத்தில் "வாற்பேய்" என்று எழுதியிருக்கும், அதுதான். சரி.

ஆனால் இந்தப் பற்றைத் தவளைக்குக் குளமும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். பெண் தவளை காட்டுத் தரையில் இறங்கி, ஈரமான சருகுக்குக் கீழே மண்ணில் சின்னக் குழி தோண்டும். அதில் முட்டையிட்டு, மண்ணோடு மண்ணாகப் புரட்டி மூடிவிட்டுப் போய்விடும். வேறு சில இனங்கள் இலையின் அடிப்பக்கத்தில் முட்டைகளை ஒட்டி வைக்கும். குளத்துத் தவளை மாதிரி ஆயிரக்கணக்கில் இல்லை. கொஞ்ச முட்டைதான். ஆனால் ஒவ்வொன்றிலும் சாப்பாடு கட்டிக் கொடுத்த மாதிரி நிறைய மஞ்சள் கரு இருக்கும். தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் அந்த முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. சில கிழமை கழித்து முட்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியில் வருவது வாலோடு நீந்தும் குஞ்சு இல்லை. நாலு காலும் முளைத்த முழுத் தவளைதான், ஓர் அரிசி அளவில்.

இதில் ஒரு கெட்டித்தனமும் இருக்கிறது, ஓர் ஆபத்தும் இருக்கிறது. கெட்டித்தனம் என்னவென்றால், மலைச்சரிவில் குளம் எங்கே இருக்கும்? குளம் தேவையில்லாத தவளை எந்தச் சரிவிலும் பிழைத்துக் கொள்ளும். ஆபத்து என்னவென்றால், அந்த முட்டைக்கு ஓடு கிடையாது. கோழி முட்டை மாதிரி இல்லை. மண் ஒரு நாள் காய்ந்தால் முட்டையும் காய்ந்து போகும். ஆகவே தரை எப்போதும் நனைந்திருக்க வேண்டும். அதற்குச் சருகு வேண்டும். சருகுக்கு மரம் வேண்டும். மேலே பனி வேண்டும். இதில் ஒன்று அறுந்தால் எல்லாம் அறுந்தது.

முகில் வந்து படுக்கும் காடு

மலைநாட்டில், கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி தாண்டினால் காட்டின் உருவம் மாறிவிடும். மரம் உயரமாக வளராது. கொப்புகள் குடை பிடித்த மாதிரி விரிந்து நிற்கும். கீன மரம், செக்கச் செவேலென்று பூக்கும் மஹ ரத்மல் மரம் எல்லாம் அங்கே நிற்கும். மரத்தின் உடம்பு முழுவதும் பாசி மூடியிருக்கும். வருடத்தில் பாதி நாள் முகில் வந்து அந்தக் காட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். அதனால்தான் அதை முகிற்காடு என்கிறார்கள். பீதுருதாலகால, ஹக்கல, ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலை இங்கேயெல்லாம் இந்தக் காடு இன்னும் இருக்கிறது.

முகிற்காட்டில் மழை பெய்யாத நாளிலும் தண்ணீர் சேருகிறது. எப்படி? விடியக்காலையில் மூடுபனிக்குள் மலைக்குப் போகும் அக்காமார்களுக்குத் தெரியும். மழை ஒரு சொட்டு இல்லை, ஆனால் தலையில் போட்ட கொங்காணி நனைந்து போகும். அதே மாதிரித்தான் பாசியும் இலையும் பனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகின்றன. கீழே கிடக்கும் சருகும் மக்கும் அதைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுக்கு விடுகின்றன. ஹோர்ட்டன் சமவெளியும் அதைச் சுற்றிய காடும்தான் மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைமாடு. நாட்டில் நிறையச் சனம் குடிக்கிற தண்ணீர் இந்த மாதிரிக் காட்டுச் சருகுக்குள்ளிருந்து கிளம்புகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். தவளை முட்டையைப் பிழைக்க வைக்கும் ஈரம் எதுவோ, அதே ஈரம்தான் நம்ம பீலிக்கும் வருகிறது. தவளைக்கு ஒரு சருகு, நமக்கு ஒரு சருகு என்று இரண்டு இல்லை.

மலைக்கு மலை வேறு சாதி

இந்தத் தவளைகள் தூரப் பயணம் போகாது. ஒரு மலையின் உச்சிக் காட்டில் இருப்பது பள்ளத்தின் வெயிலில் இறங்கி அடுத்த மலைக்கு ஏற முடியாது, காய்ந்து செத்துவிடும். ஆகவே லட்சக்கணக்கான வருடங்களாக ஒவ்வொரு மலையிலும் பிரிந்து பிரிந்து, அந்தந்த மலைக்கு ஒரு தனிச் சாதியாக மாறிவிட்டன. நக்கிள்ஸ் மலையில் இருக்கும் சில இனம் நுவரெலியாவில் இல்லை. றக்வானை மலையில் இருப்பது இங்கே இல்லை.

இதே மாதிரி உலகத்தின் மற்றப் பக்கத்திலும் நடந்திருக்கிறது. பிரேசில் நாட்டின் கிழக்குக் கரை மலைக்காடுகளில் 1 அங்குலமும் இல்லாத தவளைக் குடும்பம் ஒன்று இருக்கிறது. சில இனம் பூசணிப்பூ நிறத்தில் இருக்கும். அதுவும் முகில் படியும் காட்டின் சருகுக்குள்தான் சீவிக்கிறது. அதுவும் தலைப்பிரட்டை இல்லாமல்தான் குஞ்சு பொரிக்கிறது. அங்கேயும் ஒரு மலை உச்சிக்கு ஓர் இனம். அங்கும் இங்கும் ஒரே பாடம்தான். மலை உச்சித் துண்டுக் காடு ஒன்று அழிந்தால், அங்கிருந்து தப்பிப் போய் வாழ அந்தத் தவளைக்கு வேறு வீடு இல்லை.

இன்னொரு சங்கதி சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நம்ம பற்றைத் தவளையின் மூதாதைகள் இந்தியாவிலிருந்து வந்தவை. சுமார் 3 கோடி வருடங்களுக்கு முன்னே, இலங்கையும் இந்தியாவும் தரையால் ஒட்டியிருந்த காலத்தில் வந்தன. இந்த மலைகளில் பெருகின. பிறகு அதில் ஒரு கிளை திரும்பவும் தென்னிந்தியாவுக்குப் போனது. அதன் வாரிசுகள் இன்றைக்கும் வயநாடு போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் இருக்கின்றன. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சொந்தக்காரரைக் கப்பல் ஏற்றி அனுப்பிய குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. வந்தவர்கள், நின்றவர்கள், திரும்பிப் போனவர்கள் என்ற கதை நமக்குப் புதிசு இல்லையே.

டிம்புள்ளத் தவளை எங்கே?

இப்போது மனசுக்குக் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன்.

1830களிலிருந்து வெள்ளைக்காரர்கள் கோப்பி போடுவதற்காக இந்த மலைகளை வெட்டினார்கள். வெட்டிய கை நம்ம பாட்டன் பூட்டன் கை. ஆனால் வெட்டச் சொன்ன வாய் அவர்களுடையது இல்லை. கூலிக்கு வந்த சனத்திடம் எந்தக் காட்டை விடலாம் என்று யாரும் கேட்கவில்லை. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. அதற்கு 2 வருடம் முன்னே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்டிருந்தார். கோப்பி இருந்த இடத்திலும் அதற்கு மேலேயும் தேயிலை ஏறியது. நாட்டின் ஈரவலய மழைக்காட்டில் மிஞ்சியிருப்பது 20இல் 1 பங்குதான் என்று ஆய்வாளர்கள் 2002இல் எழுதினார்கள்.

காடு போனபோது அதற்குள்ளே இருந்தவையும் போய்விட்டன. அப்படிப் போனது எங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்தில் சிலர் தவளைகளைப் பிடித்து, ஸ்பிரிட் போத்தலில் போட்டு, வெளிநாட்டு நூதனசாலைகளுக்கு அனுப்பி வைத்தார்கள். நம் நாட்டு ஆய்வாளர்கள் அந்தப் போத்தல்களையும் காட்டில் தாங்கள் கண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போத்தலில் இருக்கும் பல இனம் காட்டில் எங்குமே இல்லை. 15 இனத்துக்கு மேல் அடியோடு அழிந்துவிட்டன என்று கணக்கு. உலகத்தில் அழிந்துபோன தவளை இனங்களின் பட்டியலை எடுத்தால் அதில் பெரிய பங்கு நம்முடைய இந்தச் சின்னத் தீவினுடையது.

அதில் ஒன்றின் பேரைக் கேளுங்கள். "டிம்புள்ளே" என்று அதன் விஞ்ஞானப் பேரிலேயே நம்ம டிம்புள்ள இருக்கிறது. 1933ஆம் ஆண்டு டிம்புள்ளப் பகுதியில் ஒரு தோட்டத்தில் பிடிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூதனசாலைக்குப் போய், 1940இல் பேர் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டிம்புள்ளத் தேயிலை என்றால் உலகம் முழுக்கத் தெரியும். டிம்புள்ளத் தவளை ஒரு போத்தலில் மட்டும் இருக்கிறது.

இன்னொன்று றம்பொடைத் தவளை. 19ஆம் நூற்றாண்டில் றம்பொடைப் பக்கத்தில் பிடித்தது. முட்டைகளைத் தன் வயிற்றோடு ஒட்ட வைத்துக்கொண்டிருந்த தாய்த் தவளை அது. 2007ஆம் ஆண்டில்தான் இது ஒரு தனி இனம் என்று கண்டுபிடித்து, நல்ல தாய் என்ற கருத்தில் "மாயா" என்று பேர் வைத்தார்கள். பேர் வைக்கும்போதே அது உலகத்தில் இல்லை. பெயர்சூட்டு விழாவும் கருமாதியும் ஒரே நாளில் நடந்த மாதிரி.

போனது திரும்பி வந்த கதையும் உண்டு

எல்லாமே போய்விட்டது என்று நான் சொல்ல வரவில்லை. எட்வர்ட் கெலார்ட் என்று ஒரு டொக்டர் இருந்தார். இலங்கையில் பிறந்து பட்டாளத்தில் வேலை செய்தவர். அவர் 1853ஆம் ஆண்டு, உடம்பில் நட்சத்திரம் தூவிய மாதிரிப் புள்ளி உள்ள ஒரு மலைத் தவளையைப் பற்றி எழுதினார். அதற்குப் பிறகு 150 வருடத்துக்கு மேல் அதை யாரும் காணவில்லை. அழிந்துபோன பட்டியலில் போட்டுவிட்டார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் ஆய்வாளர்கள் அதைத் திரும்பக் கண்டார்கள். 1876இல் பேர் வைத்த இன்னொரு பற்றைத் தவளையையும் அதே காட்டில் 2010இல் திரும்பக் கண்டார்கள்.

அது ஏன் அங்கே பிழைத்திருந்தது? காரணம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. சாமி மலை என்று அந்தக் காட்டை அவ்வளவாக யாரும் தொடவில்லை. தொடாமல் விட்ட காட்டில் உயிர் இருந்தது. பெரிய காடுகளை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மூன்றும் உலக மரபுரிமைச் சொத்தாக அறிவிக்கப்பட்டன. ஆனால் தோட்டங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் நிற்கிற துண்டுக் காடுகளுக்குக் காவல்காரன் யாரும் இல்லை. நாம்தான் காவல்.

தேரை மோந்ததா?

தாய்மார்கள் இருப்பதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிள்ளை மெலிந்து, வயிறு மட்டும் தெரிந்தால், "தேரை மோந்திருச்சு" என்று சொல்லும் வழக்கம் நமக்குள் இருக்கிறது. அதனால் வாசலில் தவளையைக் கண்டால் உப்பைப் போடுவது, விளக்குமாற்றால் அடிப்பது எல்லாம் நடக்கிறது. தவளையோ தேரையோ மோந்து எந்தப் பிள்ளையும் மெலியாது. பிள்ளை மெலிவது சத்துப் போதாமல், அல்லது பூச்சித் தொல்லையால், அல்லது வேறு நோயால். மந்திரிக்கக் கொண்டு போகும் நேரத்தில் நோய் கூடிவிடும். பிள்ளையின் நிறை இரண்டு மாதம் ஏறவில்லை என்றால் மருத்துவமாதுவிடம் காட்டுங்கள். தவளையை அடித்து நிறை ஏறாது. முட்டை, பருப்பு, கீரை கொடுத்தால் ஏறும். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்று சொல்லும் சனம் நாம். வாசலுக்கு வந்ததை அடிப்பானேன்?

அந்தச் சின்ன உயிர் ராத்திரி முழுக்க எறும்பு, கொசு, சின்னப் பூச்சி என்று தின்றுகொண்டு திரிகிறது. அதைத் தின்று பாம்பும் குருவியும் பிழைக்கின்றன. அதன் தோல் மெல்லிசு. தண்ணீர் குடிப்பதும் தோலால்தான், பாதி மூச்சு விடுவதும் தோலால்தான். ஆகவே தண்ணீரிலோ மண்ணிலோ மருந்து கலந்தால் முதலில் அடிபடுவது அதுதான். ஒரு காட்டோரத்தில் வழமையாகக் கேட்ட தவளைச் சத்தம் நின்றுபோனால், அந்த இடத்துத் தண்ணீரையும் மண்ணையும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். அதே ஓடைத் தண்ணீரைத்தான் கீழ் லயத்துப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள்.

நாம் செய்யக் கூடியது

பெரிய வேலை ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து காரியம்.

1. காட்டுக்குள் விழுந்து மக்கிக் கிடக்கும் மரத்தையும், தரையில் கிடக்கும் சருகையும் அள்ளாதீர்கள். விறகுக்குக் கவ்வாத்து மலையில் மிலாறு இருக்கிறது, தோட்டம் நட்ட விறகு மரம் இருக்கிறது. பசளைக்கு வீட்டுக் குப்பையும் மாட்டெருவும் இருக்கிறது. காட்டுச் சருகு தவளையின் தொட்டில். அதை இழுத்தால் குஞ்சும் போகும், ஊற்றும் போகும்.

2. மருந்தடிக்கும் அண்ணன்மார்கள் டாங்கியை ஓடையிலோ கானிலோ கழுவாதீர்கள். தண்ணீரை வாளியில் எடுத்துக்கொண்டு போய், ஓடைக்குத் தூரத்தில் கழுவுங்கள். வெறும் போத்தலைக் காட்டுக்குள் எறியாதீர்கள். காட்டோரத்து வரியில் களைநாசினி அடிக்காமல் கையால் களை எடுக்கும்படி துரையிடம் நான் எழுத்தில் கேட்கிறேன்.

3. வெயில் காலத்தில் மானாப் புல்லுக்கு நெருப்பு வைக்காதீர்கள். விளையாட்டுக்கு வைத்த நெருப்பு காற்றில் காட்டுக்குள் ஏறிவிடும். ஒரு முறை எரிந்த தரையில் சருகு சேர வருடக் கணக்கு ஆகும்.

4. பொலித்தீன் பை, பேம்பர்ஸ், பழைய பற்றரி இதையெல்லாம் காட்டோரத்தில் கொட்டாதீர்கள். லயத்துக் கோடியில் குழி வெட்டித் தந்திருக்கிறோம். அதற்குள் போடுங்கள்.

5. பிள்ளைகளே, தவளையைப் பாருங்கள், பிடிக்காதீர்கள். சோப்பும் உப்பும் பட்ட கை அதன் தோலை எரிக்கும். சத்தத்தை எண்ணுங்கள். எந்த மாதத்தில், மழை பெய்து எத்தனை மணிக்குக் கத்தத் தொடங்குகிறது என்று கொப்பியில் எழுதி வைத்து டீச்சரிடம் காட்டுங்கள். யாராவது வெளியாள் வந்து தவளை பிடித்துத் தந்தால் காசு தருகிறேன் என்றால், வாங்க வேண்டாம். உடனே எங்களுக்குச் சொல்லுங்கள்.

காணிக் கேள்விக்குப் பதில்

கடைசியாக அந்தக் காட்டுத் துண்டு. முன்வரிசையில் இருக்கும் அண்ணன் ஒருவர் போன கூட்டத்தில் கேட்டார். "தவளைக்குக் காணி இருக்கு, எங்களுக்கு இல்லையா, சேர்?" என்று. கேள்வி நல்ல கேள்வி. நான் அதற்கு மழுப்பப் போவதில்லை.

உங்களுக்குக் காணி வேண்டும். ஆனால் தொட்டிக்கு மேலே உள்ள காட்டை வெட்டினால் முதல் வருடம் லீக்ஸ் நன்றாக வரும். இரண்டாம் வருட மழைக்கு மேல் மண் கழுவிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கும். லீக்ஸுக்குப் போட்ட மருந்தும் உரமும் அதோடு சேர்ந்து வரும். மூன்றாம் வருட வெயிலுக்குப் பீலி வற்றும். அப்போது குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழ்ப் பிரிவுக்கு இறங்கி ஏறப் போவது யார்? கொழுந்தெடுத்து விட்டு வந்த தாய்மார்தான். பத்துக் குடும்பத்துக்குப் பாத்தி கொடுக்கப் போய் எல்லா லயத்துக்கும் தண்ணீரை இழக்கக் கூடாது.

அதே நேரத்தில், பழைய ஸ்டோருக்குப் பின்னால், வருடக் கணக்காகக் கொழுந்தெடுக்காமல் காடேறிப் போன தேயிலைத் துண்டு சும்மா கிடக்கிறது. வெயில் படும், ரோட்டுக்குப் பக்கம், தொட்டிக்குக் கீழே. மரக்கறிக்கு அந்த இடம் இதைவிட நல்லது. அதைக் கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதுவோம். மனுவை நானே எழுதித் தருகிறேன். தலைவர்மார்கள் முன்னுக்கு வாருங்கள். துரையிடமும் நிதியத்திடமும் கொண்டு போவது என் பொறுப்பு. காட்டைக் கேட்டால் மறுப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. தரிசைக் கேட்டால் காரணம் சொல்வது கஷ்டம்.

அடுத்த மாதச் சிரமதானத்தில் தொட்டிக்கு மேலே உள்ள காட்டோரத்தைச் சுற்றி ஒரு வரி மரக்கன்று நடுவோம். ஒரு வீட்டுக்கு ஒரு கன்று. கன்றுக்குப் பக்கத்தில் அந்த வீட்டுப் பிள்ளையின் பேரை எழுதி ஒரு பலகை குத்துவோம். மாடு மேயாமல், கத்தி படாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பிள்ளையின் வேலை. காலை 8 மணிக்கு எல்லோரும் மண்வெட்டியோடு வாருங்கள். தேத்தண்ணியும் ரொட்டியும் நலன்புரிச் சங்கத்தின் செலவு.

டிம்புள்ளத் தவளையைக் காப்பாற்ற நமக்குத் தவணை கிடைக்கவில்லை. அது போன பிறகுதான் நமக்கே தெரிய வந்தது. மேலே காட்டில் இப்போது கத்திக்கொண்டிருப்பது எந்த இனம் என்று நான் சொல்ல முடியாது. எதுவாக இருந்தாலும் அது இன்னும் இருக்கிறது. அதன் சருகுக்குக் கீழே இருந்து நம்ம தண்ணீரும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் நிற்காமல் இருக்க வேண்டும்.

மனுவுக்குக் கையெழுத்துப் போடும் கொப்பி மேசையில் இருக்கிறது. போகும்போது வரிசையாக வந்து போட்டுவிட்டுப் போங்கள்.